லேசிக் செய்யலாமா? இட்லி ஆவியும் என் கண்ணாடியும்

கரூர்மெஸ் | ஜூன் 2, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இதுதான் முதல் பதிவு. வயது 27. கரூரில் சொந்த மெஸ். ஏழாம் வகுப்பில் மூக்கில் ஏறிய கண்ணாடி இன்னும் இறங்கவில்லை. வலது கண் மைனஸ் 5.25, அதோடு கோணல் வளைவுக்கான சிலிண்டர் பவர் 0.75. இடது மைனஸ் 4.75. மூன்று வருடமாகப் பவர் ஏறவில்லை.

என் தொல்லை இதுதான். இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கிய நொடியில் கண்ணாடி வெள்ளையாகிவிடும். அப்போது எனக்குக் கொப்பரையும் தெரியாது, பக்கத்தில் நிற்கும் ஆளும் தெரியாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, குத்துமதிப்பாகத் தட்டைத் தூக்கி, கையைச் சுட்டுக்கொண்டது கணக்கில்லை. போன மாதம் வடைச்சட்டியைக் குனிந்து பார்த்தபோது கண்ணாடியே எண்ணெய்க்குள் விழுந்துவிட்டது. கரண்டியால் எடுத்தோம். அப்பா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். காண்டாக்ட் லென்ஸும் எப்போதாவது போடுவேன். அடுப்புச் சூட்டில் மதியத்துக்குள் கண்ணில் மணல் கொட்டினாற்போல் ஆகிவிடுகிறது.

ஆடியில் கல்யாண ஆர்டர் இருக்காது. அந்த நேரத்தில் லேசிக், அதாவது கண்ணாடி தேவைப்படாமல் செய்யும் லேசர் ஆபரேஷன், செய்துகொள்ளலாம் என்று யோசிக்கிறேன். பத்து நாள் விடுப்பு போதுமா? முன்னாடி என்ன தயார் செய்ய வேண்டும்? செய்துகொண்டவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பழைய சோடாபுட்டி | ஜூன் 2, இரவு 11.52

தம்பி, நான் 2011-இல் செய்துகொண்டவன். அப்போது 28, இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. இப்போது தூரத்துப் பார்வைக்குக் கண்ணாடி கிடையாது. செய்ததற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, நாளை எழுதுகிறேன். பத்து நாள் மற்ற வேலைக்குத் தாராளம். மெஸ் வேலைக்கா, அதுவும் அடுப்பு முன்னாலா? அதுதான் யோசனை.

நாகை ஆப்டோ | ஜூன் 3, காலை 7.15

நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். கண் பரிசோதனை அறையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், அந்த அளவில் சொல்கிறேன்.

தம்பி, ஆபரேஷனுக்குத் தேதி பார்ப்பதற்கு முன்னால் கண் அதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாரும் கேட்பது "லேசர் எத்தனை நிமிடம், வலிக்குமா" என்றுதான். லேசர் ஒரு கண்ணுக்கு அரை நிமிடம்கூட ஓடாது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரப் பரிசோதனையும், பிந்தைய ஒரு மாதச் சொட்டு மருந்தும்தான் உண்மையான ஆபரேஷன்.

முதல் காரியம், லென்ஸை இன்றே கழற்றி வையுங்கள். சாஃப்ட் லென்ஸ் என்றால் பரிசோதனைக்கு முன் குறைந்தது ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் நல்லது. ஹார்ட் லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரம். லென்ஸ் கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்தை, அழுத்தி அதன் வளைவை லேசாக மாற்றிவைத்திருக்கும். அந்த நிலையில் அளந்தால் பொய்க் கணக்கு வரும். லேசர் அந்தப் பொய்க் கணக்கைத்தான் செதுக்கும்.

பரிசோதனைக்கு பைக்கில் போகாதீர்கள். கண் பாப்பாவை விரிக்க மருந்து விடுவார்கள். நாலைந்து மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும்.

அரைக்கண் | ஜூன் 3, காலை 9.40

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. என் கதையைக் கேளுங்கள்.

சென்னையில் ஐடி வேலை. ஒரு மருத்துவமனையில் சலுகை விலை, இந்த மாதம் மட்டும் என்றார்கள். பெயர் வேண்டாம். நான் தினமும் லென்ஸ் போடுகிறவன். "லென்ஸ் எப்போது கழற்றினீர்கள்?" என்று கேட்டார்கள். "முந்தாநாள்" என்றேன். "பரவாயில்லை" என்றார்கள். காலையில் அளந்து மாலையில் செய்து முடித்துவிட்டார்கள். முதல் வாரம் அருமையாகத் தெரிந்தது. இரண்டாவது மாதம் பார்த்தால் ஒரு கண்ணில் மைனஸ் 1.25 மிச்சம். காரணம் லென்ஸ்தானா, என் கண் ஆறிய விதமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் "பரவாயில்லை" இன்னும் காதில் கேட்கிறது. மறுபடி செய்யப் பவர் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று மாதக்கணக்கில் காக்க வைத்தார்கள். வாழ்நாள் இலவசம் என்று சொன்னது ரசீதில் எங்கேயும் இல்லை. அதனால் மறு சிகிச்சைக்குக் காசு உண்டா, எத்தனை வருடம் வரை என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

கரூர்மெஸ் | ஜூன் 3, இரவு 10.58

லென்ஸைக் கழற்றிவிட்டேன் அக்கா. கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனையில் 17-ஆம் தேதி பதிவு செய்திருக்கிறேன். இன்சூரன்ஸ் ஏதாவது கிடைக்குமா?

பழைய சோடாபுட்டி | ஜூன் 3, இரவு 11.30

உங்களுக்குக் கிடைக்காது. மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளின் பொது விதிவிலக்குகளில் இது ஒன்று: 7.5 டயாப்டருக்குக் (கண்ணாடிப் பவரின் அலகு) குறைவான பார்வைக் குறையைச் சரிசெய்யும் செலவைத் தர மாட்டார்கள். சோடாபுட்டியிலும் கொஞ்சம் தடித்த சோடாபுட்டியாக இருக்க வேண்டும்.

சரி, நேற்றுச் சொன்ன பாக்கி. எனக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. பேப்பர் படிக்கக் கண்ணாடி போடுகிறேன். லேசிக் செய்தவனுக்கு ஏன் கண்ணாடி என்று வீட்டில் கேட்கிறார்கள். நாற்பதில் வருவது வேறு. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப் போய் கிட்டத்தில் குவிக்க மறுப்பது அது. லேசிக் தொடுவது வெளியே இருக்கும் கருவிழியை. உள்ளே நடப்பதை அது தடுக்காது.

இதில் ஒரு வேடிக்கை. என் தம்பிக்கும் சின்ன வயதில் மைனஸ் பவர்தான், அவன் ஆபரேஷன் செய்யவில்லை. இப்போது அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோர்க்கிறான். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிட்டப்பார்வைக்காரனுக்கு வயதான காலத்தில் கிடைக்கும் அந்த ஒரே சலுகையை நாம் முன்கூட்டியே விற்றுவிடுகிறோம். 28 வயதில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன், அது வேறு விஷயம். ஆனால் யாராவது 38, 39 வயதில் இந்த இழையைப் படித்தால் டாக்டரிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள்.

மெல்லியகருவிழி | ஜூன் 5, மாலை 6.05

முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டவனின் கதையும் இருக்கட்டும்.

மதுரையில் பரிசோதித்தார்கள். பென்டாகேம் என்ற இயந்திரத்தில் நாடி வைத்து நீல வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். கருவிழி தடிமன் 478 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மெல்லியதுதான், ஆனால் அது மட்டும் காரணமில்லை. பின்பக்கத்தில் ஓரிடம் லேசாகப் பிதுங்கியிருந்தது. கருவிழி கூம்பாகும் நோயின் ஆரம்பம், கெரட்டோகோனஸ். டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டி, "இதில் லேசர் வைத்தால் பலூனின் மெலிந்த இடத்தை இன்னும் தேய்த்த மாதிரி" என்றார். வருத்தமாக இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கொஞ்சம் கூடியிருந்தது. பிறகு சி3ஆர் செய்தார்கள். வைட்டமின் பி2 சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுகச் செய்வது. அப்போதிருந்து அப்படியே நிற்கிறது.

சின்ன வயதிலிருந்து கண் அரிப்பு, நாள் முழுவதும் கசக்குவேன். அந்தப் பழக்கமே ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். லேசிக்குக்குப் போகவில்லை என்றால் இது தெரிந்தே இருக்காது. இந்த இழையில் யாருக்காவது வருடா வருடம் சிலிண்டர் பவர் ஏறினால் சும்மா இருக்காதீர்கள்.

ரெய்டர் 7 | ஜூன் 5, இரவு 8.30

நான் ஒட்டன்சத்திரம் பக்கம், கபடி. எனக்கு லேசிக் வேண்டாம், பிஆர்கே என்றார்கள். லேசிக்கில் கருவிழி மேல் மெல்லிய மூடி மாதிரி ஃபிளாப் வெட்டித் தூக்கி, உள்ளே செதுக்கி, திரும்ப மூடிவிடுவார்கள். அது ஒட்டிக்கொள்ளும், ஆனால் பழைய பலத்துக்கு வராது. முகத்தில் முழங்கை இடித்தால் வருடம் கழித்துக்கூட நகரலாம். பிஆர்கேயில் ஃபிளாப்பே இல்லை. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேராகச் செதுக்குவார்கள்.

ஆனால் வலி. மூன்று நாள் வெங்காயக் கிடங்கில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்த மாதிரி. பாண்டேஜ் லென்ஸ் வைத்து நாலாவது நாள் எடுத்தார்கள். இரண்டு வாரம் பஸ் போர்டு படிக்கக் கஷ்டப்பட்டேன், தெளிவாக மாதத்துக்கு மேல் ஆனது. ஸ்டீராய்டு சொட்டு மாதக்கணக்கில். வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதே, கருவிழியில் வெண்மூட்டம் வரும் என்று மிரட்டி அனுப்பினார்கள்.

இன்னொன்று. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு எழுதப் போகிறவர்கள் எதையும் செய்துகொள்ளாதீர்கள். லேசிக்கோ வேறு ஆபரேஷனோ செய்திருந்தால் அந்த வேலைக்குத் தகுதியில்லை என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். என் கூட்டாளி எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணிவிட்டு மெடிக்கலில் வெளியே வந்தான்.

கரூர்மெஸ் | ஜூன் 18, இரவு 11.05

நேற்றுப் போய்விட்டு வந்தேன். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனவன் மதியம் இரண்டுக்குத்தான் வெளியே வந்தேன்.

கண்ணாடிப் பவர், பென்டாகேம், கண் அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். கீழிமைக்குள் காகிதப் பட்டையை மடித்து வைத்து ஐந்து நிமிடம் கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்த்தார்கள். 14 மில்லிமீட்டர், பரவாயில்லை என்றார்கள். தடிமன் வலது 528, இடது 531. அப்புறம் மருந்து விட்டுப் பாப்பாவை விரித்தார்கள். கண்ணாடி போட்டால் போன் தெரியவில்லை, கழற்றினால்தான் தெரிந்தது. பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையைத் தடவிப் பார்த்து எண்ணினேன்.

சிக்கல் என்னவென்றால், இடது கண்ணின் விழித்திரை ஓரத்தில் ஒரு இடம் மெலிந்து, அதில் சின்ன ஓட்டை. பயந்துவிட்டேன். அன்றைக்கே அந்த ஓட்டையைச் சுற்றி ஒட்டவைக்கும் பேரேஜ் லேசர் போட்டார்கள். பச்சை வெளிச்சம் பளீர் பளீரென்று அடித்தது. கொஞ்சம் குத்தல், அவ்வளவுதான். லேசிக் ஐந்து வாரம் கழித்து, ஜூலை 22. ஆடி 6.

விலை மூன்று சொன்னார்கள். ஃபிளாப்பைப் பிளேடால் எடுத்தால் 36 ஆயிரம், ஃபெம்டோ லேசரால் எடுத்தால் 68 ஆயிரம், ஸ்மைல் என்றால் லட்சத்துக்கு மேல். ஃபெம்டோ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். 528 என்பது போதுமா அக்கா?

நாகை ஆப்டோ | ஜூன் 19, காலை 6.50

விழித்திரையைப் பார்த்தது நல்லதாயிற்று. கிட்டப்பார்வை உள்ளவர்களின் கண் உருண்டை கொஞ்சம் நீளம். உள்ளே விழித்திரை இழுபட்டு ஓரங்களில் மெலியும். லேசிக் கண்ணாடியைத்தான் எடுக்கும், உருண்டையின் நீளத்தைக் குறைக்காது. அதனால் கண்ணாடி போன பிறகும் வருடம் ஒருமுறை விழித்திரை பார்க்கணும். திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ, கறுப்புப் பொட்டுகள் கூட்டமாகவோ, ஓரத்தில் திரை இறங்குவது போலவோ இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

இப்போது 528. ஃபிளாப்புக்கு 110 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டயாப்டருக்குச் செதுக்குவது, 6 மில்லிமீட்டர் வட்டத்துக்குச் சுமார் 12 மைக்ரான். உங்கள் வலது கண்ணில் பவரும் சிலிண்டரும் சேர்த்து 6, ஆக 72. கொஞ்சம் பெரிய வட்டமாக எடுத்தால் 84 வரை போகும். 528-இல் 110-ஐயும் 84-ஐயும் கழித்தால் 334. அடியில் 300-க்குக் குறையாமல் இருந்தால் டாக்டர்கள் நிம்மதியாக இருப்பார்கள். 250-க்குக் கீழே போகவே கூடாது. நீங்கள் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். இரவில் பாப்பா ரொம்ப விரிகிறவர்களுக்கு வட்டம் பெரிதாக எடுக்க வேண்டியிருக்கும், கணக்கு இறுகும்.

ஸ்மைலில் ஃபிளாப் கிடையாது. உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை லேசரால் வெட்டி, சின்னக் கீறல் வழியாக உருவி எடுப்பார்கள். வறட்சி கொஞ்சம் குறைவு. ஆனால் உங்களுக்கு அது கட்டாயம் என்று யாராவது அழுத்தினால் காரணம் கேளுங்கள்.

ஆடியில் வைத்திருக்கிறீர்களே, ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். கண்ணை மூடுகிற மாதிரி பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி வையுங்கள்.

கரூர்மெஸ் | ஜூலை 20, இரவு 11.40

இன்னும் இரண்டு நாள். கடைசி நேர அறிவுரை?

அரைக்கண் | ஜூலை 20, இரவு 11.55

அன்றைக்குக் காலையில் தலைக்குக் குளித்துவிடுங்கள், அப்புறம் ஒரு வாரம் முடியாது. சென்ட், பவுடர், ஆஃப்டர்ஷேவ் எதுவும் வேண்டாம். அதன் ஆவி லேசருக்கு ஆகாது. பட்டன் வைத்த சட்டை போடுங்கள். பனியனைத் தலைவழியாகக் கழற்றும்போது கண்ணில் உரசும்.

நாகை ஆப்டோ | ஜூலை 21, காலை 6.30

சர்க்கரை, முகப்பருவுக்கு மாத்திரை என்று எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பெண்கள் யாராவது படித்தால், கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ தள்ளிப் போடுங்கள், அந்த நேரத்தில் பவர் மாறும். துணைக்கு ஒருவர் வரட்டும். சொட்டு மருந்து விட வீட்டில் யார் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.

கரூர்மெஸ் | ஜூலை 24, மாலை 5.30

முடிந்தது. நான் சொல்லச் சொல்ல அக்கா பெண் தட்டச்சு செய்கிறாள், போனை நான் தொடவில்லை.

முகத்தைத் துடைத்து, மரத்துப்போகச் சொட்டு விட்டு, இமை முடியை ஒட்டி, கண்ணைத் திறந்தே வைக்கிற கிளிப்பை மாட்டினார்கள். எனக்கு அதுதான் பயம், ஆனால் வலிக்கவில்லை. ஒரு வளையத்தை வைத்து அழுத்தியபோது வெளிச்சம் மங்கி, கண் முன்னால் இருட்டு. அரை நிமிடம் இருக்கும். பிறகு ஃபிளாப்பைத் தூக்கினார்கள். வாய்க்காலுக்குள் கண்ணைத் திறந்த மாதிரி எல்லாம் கலங்கியது. "பச்சைப் புள்ளியைப் பாருங்கள்" என்றார் டாக்டர். டக்டக்கென்று சத்தம். அப்போது ஒரு வாசனை வந்தது. எங்கள் மெஸ்ஸில் ஆட்டுத்தலையும் காலும் வாட்டும்போது முடி கருகுமே, அதே வாசனை. என் கண்ணையா வாட்டுகிறார்கள் என்று ஒரு கணம் நெஞ்சு அடைத்துவிட்டது. இரண்டு கண்ணும் சேர்த்து இருபது நிமிடத்தில் எழுப்பி உட்காரவைத்துவிட்டார்கள். சுவர்க் கடிகாரம் பனிக்குள் இருந்து தெரிந்தது.

அடுத்த ஐந்து மணி நேரம் கண் எரிந்து தண்ணீர் ஊற்றியது. பிளாஸ்டிக் கண்மூடியை ஒட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து படுக்கையில் இருந்தபடியே எதிர்ச்சுவரில் தினசரி காலண்டரைப் பார்த்தேன். கிழமை தெரிந்தது, தேதி தெரிந்தது, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ராகுகாலமும் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

பழைய சோடாபுட்டி | ஜூலை 24, இரவு 9.10

அந்த வாசனை எல்லாருக்கும் வரும் தம்பி, ஆனால் கருகியதால் வருவதில்லை. கருவிழியைச் செதுக்கும் எக்ஸைமர் லேசர் 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி. அது சூட்டால் எரிப்பதில்லை, திசுவின் மூலக்கூறுப் பிணைப்பையே அறுத்துவிடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கால் மைக்ரான் அளவு ஆவியாகப் போகும். அந்த ஆவிதான் மூக்கில் ஏறுவது.

இந்த லேசரால் திசுவை இப்படி வெட்டலாம் என்று கண்டுபிடித்த மூவரில் ஒருவர் நம்மூர்க்காரர். ரங்கசாமி சீனிவாசன், 1929-இல் சென்னையில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை. 1981-இல் அமெரிக்கர்களின் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விருந்து முடிந்த மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் இந்த லேசரைக் காட்டிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல் அச்சு வெட்டியது போல் கோடு விழுந்தது. அதிலிருந்துதான் கண்ணுக்கு வந்தது. நீங்கள் ஆட்டுத்தலை என்றதும் எனக்கு அந்த வான்கோழி ஞாபகம் வந்துவிட்டது.

நாகை ஆப்டோ | ஜூலை 25, காலை 6.40

இனி ஒழுங்காக இருக்க வேண்டிய நேரம். இரண்டு சொட்டுக்கு நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி. உடனே அடுத்ததை விட்டால் முதலாவது வழிந்து கன்னத்துக்குப் போய்விடும். கீழிமையைக் கீழே இழுத்து அந்தக் குழியில் ஒரு சொட்டு, பாட்டில் நுனி எதிலும் படக்கூடாது. ஒரு வாரம் தூங்கும்போதெல்லாம் கண்மூடி, மதியத் தூக்கத்துக்கும்தான். கழுத்துக்குக் கீழே மட்டும் குளியல். கோயிலுக்குப் போனால் விபூதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், நெற்றியில் ஊதவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு சொட்டை அவர்கள் எழுதிக் கொடுத்தபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். நன்றாக இருக்கிறதே என்று மெடிக்கலில் இன்னொரு பாட்டில் வாங்கித் தொடர்வது வேண்டாம். சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், வெளியே தெரியாது.

கரூர்மெஸ் | ஜூலை 25, இரவு 9.00

மூன்று பாட்டிலும் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கிறது அக்கா, அம்மா குழம்பிவிட்டார். பார்சல் கட்டும் ரப்பர் பேண்டு மாட்டிவிட்டோம். ஆன்டிபயாட்டிக்குக்கு ஒன்று, ஸ்டீராய்டுக்கு இரண்டு, கண்ணீர் மருந்துக்கு ஒன்றும் இல்லை. இப்போது தடவியே எடுக்கிறார்.

கரூர்மெஸ் | ஜூலை 29, இரவு 10.20

திட்டு வாங்கத்தான் இந்தப் பதிவு.

நேற்றுச் சரக்கு மாஸ்டர் வரவில்லை. அப்பா ஒற்றை ஆளாக அல்லாடுகிறார். பத்து நிமிடம்தானே என்று உள்ளே போனேன். இட்லிப் பொடிக்கு வரமிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடியில் கண் தீயாக எரிந்தது, கை தானாக மேலே போய்விட்டது. பக்கத்தில் இலை போடுகிற அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இல்லையென்றால் கசக்கியிருப்பேன். ராத்திரி முழுவதும் வலது கண்ணில் புகை படிந்த மாதிரி. காலையில் முதல் பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போனேன். ஃபிளாப் நகரவில்லை. மேலே வறட்சியால் பொட்டுப் பொட்டாக இருக்கிறது, கண்ணீர் மருந்தை மணிக்கு ஒருமுறை விடு, அடுப்படிப் பக்கம் மூன்று வாரம் தலைகாட்டாதே என்று அனுப்பினார்கள்.

நாகை ஆப்டோ | ஜூலை 29, இரவு 10.35

அந்த இலை போடுகிற அக்காவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுங்கள்.

ஃபிளாப்பை வெட்டும்போது கருவிழியின் நரம்புகளும் அறுபடும். கண் காய்ந்திருப்பதே மூளைக்குத் தெரியாது, கண்ணீரும் ஊறாது. அவை திரும்ப வளர மாதங்கள் ஆகும். அதுவரை எரிந்தாலும் எரியாவிட்டாலும் கண்ணீர் மருந்து விட வேண்டும், ப்ரிசர்வேடிவ் இல்லாததாக வாங்குங்கள். உங்களிடம் பத்து நாள் போதும் என்று யாரும் சொல்லவில்லை, நீங்களாகச் சொல்லிக்கொண்டீர்கள்.

ரெய்டர் 7 | ஜூலை 30, காலை 8.00

கல்லாவில் உட்காருங்க மாப்ளே. காசு வாங்கினால் கண் எரியாது.

கரூர்மெஸ் | ஆகஸ்ட் 4, இரவு 9.45

கல்லாவில்தான் இருக்கிறேன். நேற்று ஆடிப்பெருக்கு. வீட்டோடு அமராவதிக்குப் போனோம். எல்லாரும் முழுகினார்கள், நான் கறுப்புக் கண்ணாடியோடு கரையில் நின்று செருப்புக்குக் காவல் இருந்தேன். ஆனால் எதிர்க்கரையில் யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. இதுவரை ஆற்றில் இறங்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். எதிர்க்கரை இருப்பதே எனக்குத் தெரிந்ததில்லை.

ஒரு சந்தேகம். இரவில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிகிறது.

பழைய சோடாபுட்டி | ஆகஸ்ட் 4, இரவு 10.15

முதல் மூன்று மாதம் அப்படித்தான், ஆறு மாதத்தில் பெரும்பாலும் மங்கிவிடும். எனக்கு மழை இரவில் மட்டும் லேசாக இன்னும் உண்டு. அதுவரை இரவில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, இதை யாருமே சொல்வதில்லை. ஆபரேஷனுக்கு முந்தைய பென்டாகேம் தாள், பழைய பவர் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுப் பீரோவில் வையுங்கள். அறுபது வயதில் கண்புரை வந்தால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழி வளைவை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். நம் வளைவு செதுக்கப்பட்டது, வழக்கமான கணக்கு தப்பும். கண் அழுத்தம் பார்க்கும்போதும் லேசிக் செய்தவன் என்று சொல்ல வேண்டும். மெலிந்த கருவிழியில் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இருந்தால் தெரியாமல் போகும்.

கரூர்மெஸ் | நவம்பர் 9, இரவு 11.10

மூன்று மாதப் பரிசோதனைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போய்விட்டு வந்தேன், ஐப்பசி முகூர்த்தங்கள். வலது 6/6, இடது 6/6. சிலிண்டரில் கால் பவர் ஏதோ இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்றார்கள். லாரி வட்டம் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. மிளகாய் வறுக்கும்போது மட்டும் இரும்புப் பட்டறைக்காரர்கள் போடுகிற மூடிய கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். ஆமாம், கண்ணாடியைக் கழற்ற 68 ஆயிரம் கொடுத்துவிட்டு 150 ரூபாய்க்கு இன்னொன்று வாங்கியிருக்கிறேன். அப்பாவுக்குச் சிரிக்கப் புது விஷயம் கிடைத்துவிட்டது.

இன்று காலை கொப்பரையைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. ஐந்தாவது தட்டில் ஓர் இட்லி சரியாக வேகாமல் நடுவில் குழிந்திருந்தது. அதைத் திறந்த கணமே பார்த்தேன்.

புதியவன் தாராபுரம் | நவம்பர் 10, காலை 10.05

இழையை முழுக்கப் படித்தேன் அண்ணா. நானும் செய்யலாம் என்று இருக்கிறேன், வயது 22. அடுத்த வாரமே பரிசோதனைக்குப் போகட்டுமா?

கரூர்மெஸ் | நவம்பர் 10, மதியம் 3.40

லென்ஸ் போடுகிறீர்களா தம்பி? சாஃப்ட்டா, ஹார்டா? கடைசியாக எப்போது கழற்றினீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்.